ரத்தினவேல் என்று எழுதச் சொன்னார்

2009ஆம் ஆண்டுக் கோடையில், கத்தரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள், எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் கருகிப்போன அன்றுதான் ரத்தினவேலை நான் முதன்முதலில் பார்த்தேன். திருவரங்கத்தில் மாம்பழச் சாலையை ஒட்டிய சிறு தெருவில் என் வீடு. அரியமங்கலத்துப் பட்டறையிலிருந்து மொபெட்டில் வந்து இறங்கினார். முப்பத்தெட்டு வயது இருக்கும். அந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய காக்கிச் சட்டை. அதனடியில் இன்னொரு சட்டை. மோட்டாரைக் குனிந்து முகர்ந்தார். "காயில் போயிருச்சும்மா" என்றார். நான்கு மணி நேரம் வேலை பார்த்த அவர் வேறு எதுவும் பேசவில்லை. மூன்று முறை தண்ணீர் கொடுத்தேன். மூன்று முறையும் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதிய கம்பியைச் சுற்று எண்ணிக்கை பிசகாமல் சுற்றிக் கட்டுவது அவர் தொழில். அவர் கட்டிய மோட்டார் இன்றுவரை எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தார். என் கணவர் காலமாகியிருந்த சமயம் அது. மாடியில் ஒரு காலடி ஓசை இருந்தால் நல்லது என்று நினைத்தேன். பதினோர் ஆண்டுகள் அந்த ஓசை இருந்தது.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். துறையூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் அவர் பிறந்தபோது, பெண் குழந்தை என்று சொல்லிப் பெண் பெயரே வைத்தார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரோ தம்மை ஆணென்றே அறிந்திருந்தார். பத்தொன்பதாம் வயதில் முடியை வெட்டிக்கொண்டு திருச்சிக்குப் பேருந்து ஏறினார். கொள்ளிடப் பாலத்தின் மேல் நடத்துநர், "தம்பி, எங்க இறங்கணும்?" என்று கேட்டாராம். தம் வாழ்நாளில் தம்மை முதலில் சரியாக அழைத்தவர் அந்த நடத்துநர்தான் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். பேருந்தை விட்டு இறங்கும்போது அவர் பெயர் ரத்தினவேல் ஆகியிருந்தது.

இத்தகையோரை இப்போது திருநம்பி என்று குறிப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஒருமுறை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நல்ல பேருதாம்மா. ஆனா யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா நான் திரும்பிப் பாப்பேனான்னு தெரியல" என்றார்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "எழுதுங்க. அந்தப் பழைய பேரை மட்டும் எழுதாதீங்க" என்றார். ஆகவே, அந்தப் பெயர் இந்தக் கட்டுரையில் வராது.

அவருடைய அச்சம் உடலில் தொடங்கிக் குரலில் முடிந்தது. இறுக்கமான பனியன் மார்பை அழுத்த, அதன்மேல் இரண்டு சட்டைகள். சித்திரை மாதத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு வெடித்துச் சீழ் பிடிக்கும். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தாமே எட்டிய இடத்தில் தடவிக்கொள்வார். பட்டறையில் கழிப்பறைக்குப் போக அஞ்சி, காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை தண்ணீர் குடிக்க மாட்டார். ஆடிப்பெருக்குக்குப் பட்டறை ஆட்கள் எல்லாரும் அம்மா மண்டபப் படித்துறையில் குளிக்கப் போகும்போது இவருக்கு மட்டும் ஆண்டுதோறும் காய்ச்சல் வந்துவிடும்.

கைப்பேசி வைத்திருந்தார், ஆனால் எடுத்துப் பேச மாட்டார். முகம் தெரியாதவர்கள் அவர் குரலைக் கேட்டவுடன் "சொல்லுங்கம்மா" என்று தொடங்கிவிடுவார்கள். அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டார். பட்டறை உரிமையாளர் அப்துல் மாலிக் அவரைவிட ஏழு வயது இளையவர். "எங்க ரத்தினம் அண்ணன் வாயைத் தொறந்தா அரியமங்கலத்துக்கே கரண்டு போயிடும்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். ரத்தினவேலும் சிரிப்பார், ஓசையின்றி. பதினாறு ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து கம்பி சுற்றியவர்கள் அவர்கள். மாலிக்குக்கு ஒன்றும் தெரியாது என்பதே ரத்தினவேலுடைய நிம்மதி. தெரிந்துவிடுமோ என்பதே அவர் பயம்.

எனக்குத் தெரிந்தது 2016இல். தாயார் பொன்னுத்தாய் இறந்த செய்தி வந்து ஊருக்குப் போனவர் மறுநாள் இரவே திரும்பிவிட்டார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கைகளில் நகக்கீறல்கள் இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டேன். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். பாடைக்குத் தோள் கொடுக்கப் போனவரை ஆண்கள் விலக்கி, "போய் அங்கிட்டு உக்காரு" என்றார்கள். பெண்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு சட்டையின் மேலேயே ஒரு சேலையைச் சுற்றி, ஒப்பாரி வைக்கும் வட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருடைய அக்காள் இருசம்மாள்தான் முந்தானையை இழுத்துச் செருகினாராம்.

"அக்கா அழுதுகிட்டேதாம்மா செஞ்சா. ஊருக்குப் பயந்துக்கிட்டு. உயிரோட இருக்கிறப்பவே கையைப் புடிச்சுச் சுத்திட்டாங்க. நான் செத்துட்டா யாரு கேக்கப் போறா? மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டி, சேலை கட்டி, பூ வெச்சு, அந்தப் பேரைச் சொல்லி அழுவாங்க."

சாவை அவர் அஞ்சவில்லை. செத்த பிறகு தம் உடலின்மேல் யாருடைய கைகள் படும், எந்தப் பெயர் சொல்லப்படும் என்பதையே அஞ்சினார். நான் அவருக்குத் தேறுதல் சொன்னேன். அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

2022இன் ஐப்பசியில் அவர் மாடிப்படி ஏறும் ஓசை மாறியது. நான்கு படிகள் ஏறுவார், நிற்பார், மீண்டும் நான்கு. கேட்டால் முழங்கால் வலி என்றார். ஒரு நாள் மொட்டை மாடிக் கொடியில் கிடந்த வேட்டியில் வெளுக்காத கறையைப் பார்த்தேன். வயது ஐம்பத்தொன்று, மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மீண்டும் உதிரம் போகத் தொடங்கி எட்டு மாதங்களாகியும் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சொல்வதற்கு அவரிடம் சொற்களும் இல்லை. அந்த உறுப்பின் பெயரை அவர் ஒருநாளும் உச்சரித்ததில்லை. "அங்க" என்பார், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வார்.

பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போக வேண்டுமென்று நான் வற்புறுத்தினேன். பத்து நாள்கள் மறுத்தார். பதினோராம் நாள் ஒப்புக்கொண்டார். பேருந்தில் போகும்போது என் காதருகே குனிந்து ஒரே ஒரு வேண்டுகோளைச் சொன்னார்.

"பேரு மட்டும் ரத்தினவேல்னு எழுதிடுங்கம்மா. மத்ததெல்லாம் உள்ளபடியே எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். அவர் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் படிவத்தை வாங்கி, ரத்தினவேல் என்றுதான் முதலில் எழுதினேன். யாரும் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. ஆனால், படிவத்துடன் இணைக்க நானே ஆதார் அட்டையை எடுத்தேன். 2011இல் இருசம்மாள் அவரை ஊருக்கு வரவழைத்து, எல்லா விவரத்தையும் தாமே சொல்லிப் பதிய வைத்த அட்டை அது. படம் அவருடையது, பெயரும் பாலினமும் பழையவை. நான் தென்னூரில் ஓர் அச்சகத்தில் நாற்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள். இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் என் கை சும்மா இராது. ரத்தினவேல் என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அட்டையில் இருந்த பெயரைத் தெளிவான எழுத்தில் மேலே எழுதினேன். பிழை நீங்கிய நிறைவோடு படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

காத்திருப்புக் கூடத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். சற்று நேரத்தில் அப்துல் மாலிக் பிளாஸ்க்கில் தேநீருடன் வந்துவிட்டார். விடுப்புக் கேட்டபோது மருத்துவமனையின் பெயரை ரத்தினவேல் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்.

"என்ன அண்ணே, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. மூலமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் மாலிக். "வெக்கப்படாதீங்க. நம்ம தொழில்ல உக்காந்தே கெடந்தா வரத்தான் செய்யும். எங்க மச்சானுக்கும் இருக்கு. அவரு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

"ஆமா பாய்" என்றார் ரத்தினவேல். நெற்றி வியர்த்திருந்தது.

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் வந்தது.

ரத்தினவேல் அசையவில்லை. இரண்டாம் முறையும் அதே பெயர். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் எழுந்து அமைதியாக முன்னே போயிருக்கலாம், போகவில்லை. மூன்றாம் முறை கவுண்டரில் இருந்த பெண் விவரத்தையும் சேர்த்தே படித்தார்: வயது ஐம்பத்தொன்று, பெண், உடன் வந்தவர் அனுசுயா.

"உங்க பேரைத்தானம்மா சொல்றாங்க?" என்று மாலிக் என்னைப் பார்த்தார். "ஃபைலை மாத்திட்டாங்க போலிருக்கு. இருங்க, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

தடுப்பதற்குள் போய்விட்டார். அவர் குரல் பட்டறைக் குரல். மோட்டார் ஓசைக்கு மேலே பேசிப் பழகியது.

"ஏம்மா, பேரை மாத்திக் கூப்பிடுறீங்க. அந்தா மூலையில உக்காந்திருக்காரு பாருங்க, ரத்தினவேல். நல்லா இருக்கிற ஆம்பளையப் போயிப் பொம்பளைன்னு மைக்குல சொல்றீங்க."

"சார், எழுதியிருக்கிறதைத்தான் நான் படிக்கிறேன்."

"எழுதினவங்க தப்பா எழுதியிருப்பாங்க."

"தப்பெல்லாம் இல்ல சார். அடிச்சுத் திருத்தியே எழுதியிருக்காங்க. கார்டைப் பாருங்க. போட்டோவுல இருக்கிறது அவருதானே?"

மாலிக் அட்டையைப் பார்த்தார். திரும்பி மூலையைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் திரும்பினார்கள். யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவர் எக்கிப் பார்த்தார். திருச்சியில் அத்தனை ஆண்டுகள் அவர் ஒளித்துக் காத்தது இரண்டு நிமிடங்களில் முடிந்துவிட்டது.

மாலிக் திரும்பி வந்தார். இருக்கையில் பிளாஸ்க்கை வைத்தார். "டீ ஆறிடும்" என்று, யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ரத்தினவேல் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் கூடம் முழுவதும் மீண்டும் திரும்பிப் பார்க்கும்.

வீடு வந்தோம். மாடிப்படியில் கால் வைத்தபின் கேட்டார்.

"ஏம்மா அப்படி எழுதினீங்க?"

"அட்டையில் அப்படித்தானே இருந்தது?"

"அட்டையில தப்பா இருக்கும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மெய்ப்பில் நான் கவனிக்காமல் விட்ட பிழையைக் காட்டுவதைப் போலச் சொன்னார்.

அதன்பின் அவர் பட்டறைக்குப் போகவில்லை. அறைக் கதவைத் தாழிட்டே வைத்திருந்தார். தெருவில் மொபெட் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவார். பட்டறை ஆட்கள் வந்து கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தாரா, அடிப்பார்கள் என்று அஞ்சினாரா, எனக்குத் தெரியாது. ஒருவரும் வரவில்லை. வராதது அவரை இன்னும் அச்சுறுத்தியது. மருத்துவமனைப் பேச்சை எடுத்தாலே, "வேணாம்மா" என்பார். அப்படி ஐந்து மாதங்கள் கழிந்தன. அந்த ஐந்து மாதங்களை அவரிடமிருந்து பறித்தது என் கையெழுத்து.

பங்குனியில் நான் மட்டும் கே.கே. நகருக்குப் போய், டாக்டர் பெலிண்டா என்பவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி நோயாளியும் போன பிறகு கூட்டி வரச் சொன்னார். அன்று அவரே கதவைத் திறந்து வந்து, "ரத்தினவேல், உள்ள வாங்க" என்றார். பரிசோதனைக்கு முன் ஒவ்வொரு முறையும், "இப்ப இங்க தொடப்போறேன், சரியா?" என்று கேட்டாராம். அவ்வளவு மரியாதையோடு அவர் சொன்ன செய்தி, கருப்பைப் புற்று பரவிவிட்டது, அறுவைக்கு இனி இடமில்லை என்பது. வலி தெரியாமல் வைத்திருக்கலாம் என்றார்.

ரத்தினவேல் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எங்க வெச்சு, டாக்டர்? வார்டுலயா, வீட்டுலயா?"

வீட்டில் வைத்துக்கொண்டேன். மாடி ஏற முடியாமற் போனதும் கீழே முன்னறையில் கட்டில் போட்டோம். இரவில் திடுக்கிட்டு விழிப்பார். "அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் சற்று உறங்குவார். ஆனால், சொல்லாமல் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். உடன்பிறந்தாருக்கு மறைத்து ஓர் உடலை எரிக்க இயலாது.

ஆடி மாத இறுதியில் ஒரு மாலை, வாசலில் மாலிக் நின்றிருந்தார். மருத்துவமனைக்குப் பின் அன்றுதான் வந்தார். நான் அறைக்கு வெளியே மறித்து நின்றேன். என்ன சொல்ல வந்திருக்கிறாரோ, தெரியவில்லை.

"அண்ணன் தூங்குறாராம்மா?" என்றார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் போய்ச் சத்தம் போடாம இருந்திருந்தா, பேரைக் கூப்பிட்டதோட போயிருக்கும். ஊரைக் கூட்டினது நானுதான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாங்க பாய். அந்தக் கவுண்டர் பொண்ணு இன்னும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

மாலிக் கட்டிலருகே உட்கார்ந்தார். அரை மணி நேரம் மோட்டார்களைப் பற்றியே பேசினார்கள். புதிதாக வந்தவன் சுற்று எண்ணத் தெரியாமல் மூன்று காயிலைக் கெடுத்துவிட்டானாம். "வாயி மட்டும் நிக்காம ஓடுதுண்ணே. உங்க வாயையும் அவன் வாயையும் கலந்து ரெண்டாப் பிரிச்சா சரியா வரும்" என்றார் மாலிக். ரத்தினவேல் சிரித்து, வலியில் கண்களை மூடிக்கொண்டார்.

நான்கு நாள்களுக்குப் பின், விடியும் நேரத்தில், அவர் இறந்தார். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சொல்லி அனுப்ப, இருசம்மாள் இரண்டு பெண்களுடன் துறையூர்ப் பேருந்தில் வந்தார். கையில் அரைத்த மஞ்சள் இருந்தது. முன்னறை வாசலில் மாலிக்கும் அவருடைய மைத்துனரும் நின்றார்கள்; பக்கத்தில் நான். எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. இருசம்மாளுக்கு உரிமை உண்டு, எங்களுக்கு இல்லை.

"யாரு நீங்கள்லாம்?" என்றார் இருசம்மாள்.

"கூட வேலை பாத்தவன்க்கா" என்றார் மாலிக். "அண்ணனை நாங்க குளிப்பாட்டணும். அவரு கேட்டுக்கிட்டது."

"அவரா? எங்கூடப் பொறந்தவளை எனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. எனக்கும் தெரியும். ஆனா கேட்டது அவருதான்."

உடன் வந்த பெண்களில் ஒருத்தி, "ஊருக்குக் கொண்டுக்கிட்டுப் போயிக் குளிப்பாட்டிக்கலாம், வாக்கா" என்றாள். அதைக் கேட்டதும் இருசம்மாளின் முகம் வெளுத்தது. ஊரார் கூடி நின்று அந்த உடலைப் பார்ப்பதை அவர் நினைத்திருக்க வேண்டும்: வெட்டிய முடியை, காய்த்துப்போன உள்ளங்கைகளை.

"ஊருக்கு வேணாம். இங்கேயே முடிச்சிடுங்க" என்றார். பாசத்தால் சொன்னாரா, பயத்தால் சொன்னாரா, நான் தீர்மானிக்கத் துணியமாட்டேன். பெண்களைக் கூட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தண்ணீர் விடும் ஓசை கேட்டது. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக ஓயாமாரி மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவர் கேட்டது, மாலிக் வந்திருந்த அந்த மாலையில். மாலிக் புறப்பட எழுந்தபோது, ரத்தினவேல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் எங்கள் இருவரிடமும் அவர் எதையும் கேட்கவில்லை, தண்ணீர்கூட.

"பாய், உங்க அத்தா மௌத்தானப்ப நான் வாசல்ல நின்னேன். துணியப் போத்தி, துணிக்கு அடியிலயே தண்ணி விட்டுக் குளிப்பாட்டுவோம், பெத்த புள்ளகூட உடம்பைப் பாக்காதுன்னு நீங்க சொன்னீங்க. என்னையும் அப்படிக் குளிப்பாட்டி விடுங்க. யாரும் பாக்க வேணாம். நீங்களும் பாக்க வேணாம்."